விண்கலம் ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

கம்ப்யூட்டரில் விண்வெளிச் சண்டை விளையாட்டை முதன்முறையாகத் தொடுபவருக்கு நேர்வது பெரும்பாலும் ஒன்றுதான். திரையின் வலது ஓரத்தில் எதிரிக் கலம் தெரிகிறது. அதை நோக்கித் திரும்பப் பார்க்கிறார். நம் கலம் தேவைக்கு மேல் திரும்பி, எதிரி இடது ஓரத்திற்குப் போய்விடுகிறது. இடப்பக்கம் திருப்பினால் இப்போது ஆளையே காணோம். எங்கும் கறுப்பு வானம். நட்சத்திரங்கள் மட்டும் சுற்றுகின்றன. எங்கிருந்தோ குண்டு வந்து விழுகிறது, ஆட்டம் முடிந்தது. இப்படி மூன்று தடவை ஆனதும், "இது சின்னப் பிள்ளைகள் சமாசாரம், நமக்கு வராது" என்று எழுந்துவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும், "விடுங்கப்பா, உங்களுக்கு இது வராது" என்று முத்திரை குத்திவிடுகிறது.

அந்த முத்திரையோடு எனக்கு உடன்பாடில்லை. ஊரில் இருந்தால் சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று பிள்ளையோடு விளையாட யாராவது அகப்படுவார்கள். பிழைப்புக்காக டில்லியிலும் மும்பையிலும் நாக்பூரிலும் வந்து குடியேறியவர்களின் இரண்டு அறைக் குடித்தனத்தில் அப்பா, அம்மாவை விட்டால் வேறு துணை ஏது? விடுமுறைக்கு வந்துபோகும் தாத்தா, பாட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்களும் பதினைந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டால், பிள்ளை மறுபடி தனியாகத் திரைமுன் உட்காரும். இவர்கள் எழுந்து போவதற்குக் காரணம் வயதும் அல்ல, கைவேகக் குறைவும் அல்ல. தரையிலேயே வாழ்ந்து பழகிய மூளையை, பழக்கமில்லாத மூன்று காரியங்களை ஒரே சமயத்தில் செய்யச் சொல்கிறது இந்த விளையாட்டு. திரும்புவது ஒன்று, நகர்வது ஒன்று, குறி பார்ப்பது ஒன்று. மூன்றையும் பிரித்துக் கற்றுக்கொண்டால் அறுபது வயதிலும் வரும்.

இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டுகளின் சரித்திரமே இதிலிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். நடுவே ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றி ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் இரண்டு கலங்கள். முதலில் கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் ஆடினார்கள். முழங்கை வலி கண்டதால் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்துகொண்டார்கள். அவர்களுக்கு விளையாட்டு கடினமாகத் தெரியவில்லை. ஏனென்றால் அவர்கள் நியூட்டன் விதிகளைக் கரைத்துக் குடித்த மாணவர்கள்!

அதே கருத்தை வைத்து, காசு போட்டு ஆடும் இயந்திரமாக 1971-ல் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' வந்தது. செய்தவர்கள் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும். இடப்பக்கம் சுழல ஒரு பொத்தான், வலப்பக்கம் சுழல ஒன்று, உந்துவதற்கு ஒன்று, சுடுவதற்கு ஒன்று. நான்கே பொத்தான்கள்தாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து மாணவர்கள் கூடும் மதுக்கடையில் வைத்தபோது நல்ல வரவேற்பு. தொழிலாளர்கள் வரும் கடைகளில் வைத்தபோது யாரும் சீந்தவில்லை என்று புஷ்னெல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் அவருடைய அட்டாரி நிறுவனம் 'பாங்' விளையாட்டை வெளியிட்டது. ஆளுக்கு ஒரு திருகு. திருகினால் மட்டை மேலும் கீழும் போகும், பந்தைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான். அது ஓகோவென்று ஓடியது. மாணவனுக்கும் தொழிலாளிக்கும் புத்தியில் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. திருகினால் நகரும் பொருளை எல்லாரும் வீட்டில் பார்த்திருக்கிறார்கள். உந்தினால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் பொருளை யாரும் பார்த்ததில்லை.

இதைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம், ஏனெனில் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் ஸ்கூட்டரில் போகிறீர்கள். கைப்பிடியை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். வண்டியின் முகமும் திரும்புகிறது, வண்டி போகும் வழியும் திரும்புகிறது. இரண்டும் ஒன்றே என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் டயர் சாலையைப் பற்றிக்கொள்வதால்தான் வழி திரும்புகிறது. ஆகாய விமானத்திற்கு அந்தப் பிடிப்பை இறக்கைகளின் மூலம் காற்று தருகிறது. விண்வெளியில் பற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. கேரம் பலகையில் போரிக் பவுடரைத் தாராளமாகத் தூவிவிட்டு ஸ்ட்ரைக்கரைத் தட்டினால் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது? ஓடும்போதே அதைப் பம்பரம் போலச் சுழற்றிவிட்டாலும், சுழன்றபடியே போன திசையில்தான் போகும். விண்கலமும் அப்படித்தான். மூக்கு டில்லியைப் பார்க்கும், கலம் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கும்!

நிறுத்துவதும் இதே கதைதான். உங்கள் கலம் வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகிறது, எஞ்சின் வினாடிக்கு 20 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்க வல்லது என்று வைத்துக்கொள்வோம். கலத்தைப் பின்புறமாகத் திருப்பி உந்தினால் நிற்க 10 வினாடி ஆகும். அதற்குள் 1000 மீட்டர் கடந்திருக்கும். எதிரி 500 மீட்டரில் இருக்கும்போது "பிரேக் எங்கே?" என்று தேடும் புதியவர் அவனைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போய்த்தான் நிற்பார்.

பயிற்சி பெற்ற விமானிகளுக்கே தரைப்பழக்கம் உதவவில்லை என்பதற்கு உதாரணம் உண்டு. 1965 ஜூன் மாதம் ஜெமினி-4 விண்கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தம்மைச் சுமந்து வந்த ராக்கெட்டின் காலியான இரண்டாம் கட்டத்தை நெருங்க முயன்றார். அதை நோக்கி உந்தினார். நெருங்குவதற்குப் பதிலாக இடைவெளி கூடியது. பூமியைச் சுற்றும் பாதையில், முன்னே போகும் பொருளை நோக்கி உந்தினால் நம் பாதை உயர்ந்துவிடும். உயர்ந்த பாதையில் சுற்றும் வேகம் குறைவு. எரிபொருள் வீணாகவே முயற்சியைக் கைவிட்டார்கள். விளையாட்டுகளில் பெரும்பாலும் இந்தச் சுற்றுப்பாதைக் கணக்கு கிடையாது, அந்த மட்டும் நிம்மதி. நம் நாட்டில் இஸ்ரோ 2024 டிசம்பர் 30 அன்று அனுப்பிய ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் 2025 ஜனவரி 16-ல் வெற்றிகரமாக இணைந்தன. இடையே, எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகியதால் ஒரு முறை இணைப்பைத் தள்ளிப்போட்டதும், 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகப் பின்வாங்கியதும் பத்திரிகைகளில் வந்தன. அவசரப்படாமல் இருப்பதுதான் அங்கே திறமை.

விளையாட்டு தயாரிப்பவர்கள் இந்தச் சிரமத்தை அறியாதவர்கள் அல்லர். இரண்டு வழிகளில் சமாளித்தார்கள். 1990-ல் வந்த 'விங் கமாண்டர்', 1993-ல் வந்த 'எக்ஸ்-விங்' போன்றவற்றில் கலம் ஆகாய விமானத்தைப் போலவே பறக்கும். திருப்பிய பக்கம் போகும், விசையைக் குறைத்தால் வேகம் குறையும். விஞ்ஞானப்படி இது பொய்தான். ஆனால் ஆடுபவருக்குச் சௌகரியமான பொய். 1993-ல் வந்த 'ஃப்ரான்டியர்' நேர்மாறாக நியூட்டன் விதிப்படியே கலத்தை விட்டது. விளைவு, இரண்டு கலங்களும் அசுர வேகத்தில் ஒன்றையொன்று கடந்துபோய், மறுபடி திரும்பி வருவதே சண்டையாக இருந்தது. பழைய ரசிகர்களே முணுமுணுத்தார்கள். 2014-ல் வெளிவந்த 'எலீட் டேஞ்சரஸ்' இரண்டையும் வைத்துக்கொண்டது. பறப்பதற்குத் துணைசெய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது இயங்கும்வரை கம்ப்யூட்டரே சிறு உந்திகளை இயக்கிச் சறுக்கலைச் சரிசெய்யும். அணைத்துவிட்டால் கேரம் பலகைதான். புதியவர் அதை அணைக்கவே வேண்டாம். சௌகரியமான பொய்யிலிருந்து தொடங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி கட்டுப்பாடுகளுக்கு வருவோம். சாலையில் நமக்கு இடம், வலம், வேகம் என்ற மூன்று போதும். விண்கலத்திற்கு ஆறு வகை அசைவுகள் உண்டு. மூக்கைத் தூக்கித் தாழ்த்துவது, மூக்கை இடவலமாகத் திருப்புவது, பக்கவாட்டில் உருள்வது என மூன்று சுழற்சிகள். முன்பின், இடவலம், மேல்கீழ் என நழுவும் மூன்று நகர்வுகள். அப்போலோ கலத்திலேயே சுழற்சிக்கு வலக்கையில் ஒரு பிடி, நகர்வுக்கு இடக்கையில் ஒரு பிடி என்று பிரித்து வைத்திருந்தார்கள். நம் வீட்டில் விசைப்பலகை ஒன்றில் எல்லாம் வந்து குவிகின்றன. போதாததற்கு ஏவுகணைக்கு ஒன்று, கேடயத்திற்கு ஒன்று, ரேடாருக்கு ஒன்று.

இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு, எல்லாச் சாவியையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பது. இந்த ஊருக்கு வந்த புதிதில் பால்காரரிடம் இரண்டு வார்த்தை பேச முயன்ற நம்மிடம் யாராவது ஹிந்தியின் ஆண்பால், பெண்பால் விதிகள் அத்தனையையும் ஒப்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஐந்து வினைச்சொற்கள் போதும்: தூக்கு, தாழ்த்து, திருப்பு, உருட்டு, நழுவு. கற்றுக்கொடுக்கும் பிள்ளை இந்தச் சொற்களாலேயே சொல்லட்டும். தமிழ்ப் பேச்சு குறைந்துவரும் வீடுகளில் இது ஒரு கூடுதல் லாபம். அதைவிட முக்கியம், "மேலே போ" என்பது குழப்பும். கலம் தலைகீழாக இருக்கும்போது மேல் எது, கீழ் எது? "தூக்கு" என்றால் மூக்கை உங்கள் தலைப்பக்கம் கொண்டுவா என்று ஒரே அர்த்தம்தான்.

தூக்குவதிலும் ஒரு பொறி உண்டு. ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் மூக்கு உயரும், முன்னால் தள்ளினால் தாழும். இது விமானிகளின் மரபு. 1984-ல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக எழுதிய 'எலீட்' விளையாட்டிலும் இதே முறை. விசைப்பலகையில் மேலே இருக்கும் எஸ் சாவி மூக்கைத் தாழ்த்தும், அதற்குக் கீழே இருக்கும் எக்ஸ் சாவி தூக்கும். மவுஸ் பழகியவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். அநேகமாக எல்லா விளையாட்டிலும் இதை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. முதல் ஐந்து நிமிடத்தில் எது உங்கள் கைக்கு இயல்போ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாற்றாதீர்கள், பாதியில் மாற்றினால் கை இரண்டையும் மறந்துவிடும்.

அந்த 'எலீட்' விளையாட்டில் இன்னொரு விசேஷம். மூக்கை இடவலமாகத் திருப்பும் வசதியே கிடையாது! உருட்டலாம், தூக்கலாம், தாழ்த்தலாம். இதை ஒரு குறை என்று பலர் நினைத்தார்கள். எனக்கு அது நல்ல ஆசிரியராகவே படுகிறது. எதிரி திரையின் வலது ஓரத்தில் இருக்கிறான் என்றால், கலத்தை வலப்பக்கமாக உருட்டவேண்டும். வானமே இடப்பக்கமாகச் சுழன்று, வலது ஓரத்தில் இருந்தவன் திரையின் உச்சிக்கு வந்துவிடுவான். இப்போது மூக்கைத் தூக்கினால் அவன் நேராக நடுவுக்கு இறங்குவான். உருட்டு, பிறகு தூக்கு. பிற்கால விளையாட்டுகள் பலவற்றிலும் இடவலத் திருப்பம் மந்தமாகவும் தூக்குதல் சுறுசுறுப்பாகவும் இருப்பதால், இந்த வித்தை அங்கும் செல்லும். இடவலமாக மட்டுமே திருப்பிக்கொண்டு "கலம் நகரவே மாட்டேன் என்கிறது" என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இது ஒன்றே பாதி வைத்தியம்.

எதிரி திரையை விட்டே போய்விட்டால் ரேடார்தான் கதி. 'எலீட்' காட்டிய நீள்வட்ட ரேடார் பின்னால் பலருக்கும் முன்மாதிரியாயிற்று. வட்டத்தின் நடுவில் நீங்கள். ஒவ்வொரு கலமும் ஒரு புள்ளி. அதிலிருந்து ஒரு சிறு குச்சி. குச்சி மேல்நோக்கி நின்றால் அவன் உங்களுக்கு மேலே, கீழ்நோக்கித் தொங்கினால் கீழே. புள்ளி வட்டத்தின் கீழ்ப்பாதியில் இருந்தால் அவன் உங்கள் முதுகுக்குப் பின்னால். புதியவர் திரையையே வெறித்துப் பார்ப்பார். பழகியவர் பாதி நேரம் ரேடாரைத்தான் பார்க்கிறார். விமானியைப் போல அடிவானத்தை வைத்துத் திசை அறிய முடியாத இடத்தில் வேறென்ன செய்வது?

குறி பார்ப்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், பயப்படவேண்டாம். எதிரி 500 மீட்டர் தள்ளி, குறுக்கே வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போகிறான். உங்கள் குண்டின் வேகம் வினாடிக்கு 1000 மீட்டர். குண்டு போய்ச்சேர அரை வினாடி. அதற்குள் அவன் 50 மீட்டர் நகர்ந்திருப்பான். ஆகவே அவனைப் பார்த்துச் சுட்டால் படாது, அவனுக்கு 50 மீட்டர் முன்னால் சுடவேண்டும். ஓடும் பையன் கையில் பந்து கிடைக்க வேண்டுமென்றால் அவனுக்குச் சற்று முன்னால்தானே எறிகிறோம்? பெரும்பாலான விளையாட்டுகள் அந்த இடத்தில் ஒரு சிறு வட்டத்தைக் காட்டும். எதிரியை மறந்துவிட்டு வட்டத்தைச் சுடுங்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்கள் எல்லோரும் பயத்தில் முழு வேகத்தில் போகிறார்கள். முழு வேகத்தில் வளைவு பெரிதாகும். எதிரியைத் தாண்டிப் போவீர்கள், அவன் பின்னால் வந்துவிடுவான். 'எலீட் டேஞ்சரஸ்' விளையாட்டில் வேகமானியின் நடுப்பகுதியை நீல நிறத்தில் காட்டுவார்கள். கலம் நன்றாகத் திரும்புவது அந்த வேகத்தில்தான். பாதி வேகத்தில் இருந்து பழகினால் பாதிச் சண்டை ஜெயித்த மாதிரி. 'எக்ஸ்-விங்' போன்றவற்றில் எஞ்சின், துப்பாக்கி, கேடயம் மூன்றுக்கும் மின்சக்தியைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையும் உண்டு. சுவையான விஷயம்தான், ஆனால் முதல் வாரத்தில் அந்தச் சாவிகள் பக்கமே போகவேண்டாம்.

சரி, எப்படிப் பழகுவது? முதல் நாள் துப்பாக்கியைத் தொடாதீர்கள். ஏதாவது ஒரு விண்வெளி நிலையத்தைக் குறியாக வைத்து, அதை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவரும் பயிற்சி மட்டும். உருட்டு, தூக்கு, உருட்டு, தாழ்த்து. கை தானாகச் செய்யும்வரை. பிறகு அதை நெருங்கி நிற்கப் பாருங்கள். 'எலீட்' விளையாட்டில் நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும், நுழைவாயில் எப்போதும் கிரகத்தைப் பார்த்திருக்கும். கிரகத்திற்கும் நிலையத்திற்கும் நடுவே போய் நின்று, முகம் திருப்பி, நிலையத்தின் சுழற்சிக்கு ஈடாக நீங்களும் உருண்டபடி, மெதுவாக உள்ளே போகவேண்டும். எத்தனையோ பேர் சண்டையில் சாகாமல் வாசலில் மோதிச் செத்தார்கள்! தானாகவே உள்ளே கொண்டுசேர்க்கும் கருவி 1500 கிரெடிட் விலை. தொடங்கும்போது கையில் இருப்பதோ 100. ஆகவே எல்லோரும் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். சண்டையே இல்லாமல் பழக விரும்புவோருக்கு, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட இணைப்புப் பயிற்சி விளையாட்டும் பொருத்தமானது. அதில் ஆறு அசைவுகளும் தனித்தனிப் பொத்தான்களாக இருக்கின்றன.

இரண்டாம் கட்டமாக, சுடாமல் ஒரு கலத்தைப் பின்தொடருங்கள். சரக்குக் கலம் போல் மெதுவாகப் போவதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதன் வேகத்திற்கு நம் வேகத்தைச் சமமாக்கி, ஒரே தூரத்தில் ஐந்து நிமிடம் பின்னால் போகமுடிந்தால் திரும்புவதும் நகர்வதும் கைவந்துவிட்டன. அதன்பிறகுதான் சுடுவது. ஜாய்ஸ்டிக் இல்லாத வீடுகளுக்கு, 2003-ல் வந்த 'ஃப்ரீலான்சர்' நல்ல தொடக்கம். மவுஸ் காட்டிய பக்கம் கலம் போகும்.

தலைசுற்றல் பற்றியும் சொல்லவேண்டும். 1995-ல் வந்த 'டிசென்ட்' விளையாட்டில் சுரங்கங்களுக்குள் ஆறு அசைவுகளிலும் பறக்கவேண்டும். பலருக்கு அதைப் பார்த்தாலே குமட்டல். கண் "சுழல்கிறோம்" என்கிறது, காது "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. அறை விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், திரையிலிருந்து சற்றுத் தள்ளி உட்காருங்கள், குமட்டல் தொடங்கியதும் நிறுத்துங்கள். பொறுத்துக்கொண்டு ஆடினால் சரியாகிவிடும் என்பது தப்பு.

கற்றுக்கொடுக்கும் பிள்ளைக்கு ஒரே விதி: கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கக் கூடாது. அதற்குச் சும்மா இருக்க முடியாது என்றால் ரேடார் வேலையைக் கொடுத்துவிடுங்கள். அப்பாவோ பாட்டியோ ஓட்டட்டும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, எதிரி எங்கே என்று கடிகார முள் கணக்கில் சொல்லட்டும். "மூணு மணி, மேலே." "ஆறு மணி, கீழே, கிட்ட வந்துட்டான்." வாரம் ஒரு முறை இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம்.